சீட்டைக் கையில் வாங்கணும்

சிங்கவரம்
6.10.2024

அன்புத் தம்பி பீமாராவுக்கு அக்கா வெண்மதி எழுதுவது.

நைனா, அம்மா, நான், ஆடுகள் எல்லாரும் சௌக்கியம். உன் கால் கொப்புளம் ஆறியதா, ராணுவத்துச் சப்பாத்தி தொண்டையில் இறங்குகிறதா என்று அம்மா கேட்கிறாள். பயிற்சி முடிகிற வரைக்கும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் என் கையெழுத்தையாவது திருத்தி வைத்திருப்பேன். இ-சேவைக் கடையில் நாள் முழுக்க டைப் அடிக்கிறவளுக்குப் பேனா பிடித்தால் விரல் கோணிக்கொள்கிறது.

ஒரு சங்கதி கேள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். கோயிலுக்கு வெளியே ஒருத்தன் சாக்கை விரித்துப் போட்டுச் சீட்டுக்கட்டில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். கட்டைச் சரசரவென்று விட்டுக்கொண்டே "எங்க வேணா நிறுத்தச் சொல்லும்மா" என்றான். சொன்னேன். அங்கே இருந்த சீட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே "ஆர்ட்டின் ஏழு" என்கிறான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே ஒரு கட்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், அடப்பாவி, பாதிக் கட்டு முழுக்க ஆர்ட்டின் ஏழு!

சூட்சுமம் இதுதான். அந்த ஏழுகள் மட்டும் மற்றச் சீட்டைவிட நூலளவு குட்டை. ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கி வைத்துக் கட்டைவிரலால் விட்டால் எல்லாம் வேறு வேறு சீட்டாகத்தான் கண்ணுக்குத் தெரியும். எதிரில் இருக்கிறவர் எங்கே நிறுத்தினாலும் அவர் கைக்கு வருவது ஏழு. ஆனால் கட்டு என் கையில் இருக்க வேண்டும், அவர் என் கையிலிருந்து எடுக்க வேண்டும். அது தப்பினால் வித்தை தப்பிவிடும்.

வெள்ளிக்கிழமை கடையில் சர்வர் படுத்துவிட்டது. வருமானச் சான்றிதழுக்கு வந்த கூட்டம் என்னையும் பக்கத்துக் கம்ப்யூட்டர் சுமலதா அக்காவையும் தின்றுவிடுவது போலப் பார்த்தது. கட்டை எடுத்தேன். அரைமணி நேரம் ஒரு ஆள் முணுமுணுக்கவில்லை. சர்வர் வந்த பிறகும் "இன்னொரு வாட்டி காட்டு" என்கிறார்கள்!

நைனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "சீட்டாடிக் கெட்டவன் ஊர்ல பத்தாதா? இத வேற வூட்டுக்குள்ள கொண்டாரியா?" என்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெண்மதி

*

முகாம்
27.10.2024

அன்பு அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கிறேன். கொப்புளம் ஆறி அந்த இடம் மரத்துப்போச்சு. அம்மாவிடம் சப்பாத்தி பழகிவிட்டது என்று சொல். பழகவில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பக்கத்துக் கட்டில் பிரசாந்த் எழுந்து உட்கார்ந்துவிட்டான். திண்டிவனத்துப் பக்கம் அவன். இத்தனை இந்திக்கு நடுவில் எனக்கு வாய்த்த ஒரே தமிழ். ஓட்டம் முடிந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டில் தண்ணீர்தான். "உங்க அக்காவ எனக்கு ஒரு வித்தை எழுதச் சொல்லுடா" என்கிறான்.

என் போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பர் ஊரிலிருந்து இன்னும் வரவில்லையாம், அது வந்தால்தான் வேலை உறுதி. யாராவது வீட்டுக்கு விசாரிக்க வந்தால் நைனாவை நல்ல சட்டை போட்டுக்கொள்ளச் சொல்.

தம்பி,
பீமாராவ்

*

சிங்கவரம்
14.11.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே மழையும் ஜுரமும் மாறி மாறி. அம்மாவுக்கு வந்து போய்விட்டது, பயப்படாதே.

எனக்கு ஷோ கிடைத்திருக்கிறது! சிரிக்காதே. கவிதா என்று ஒருத்தர், அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கிற ஊர், ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் சேர்க்க வந்தவர், சர்வர் படுத்த நேரத்தில் என் வித்தையைப் பார்த்தார். மகள் அன்புக்கரசியின் பிறந்தநாளுக்கு இருபத்து நாலாம் தேதி செஞ்சி மண்டபத்தில் வந்து காட்ட முடியுமா என்று கேட்டார். முடியுமாவா! கயிறு வித்தை, டம்ளர் வித்தை எல்லாம் யூடியூபைப் பார்த்துப் பழகிவிட்டேன். கடைசியில் சீட்டு. கறுப்புக் கோட்டு கிடைக்கவில்லை, உன் பழைய ஜீன்ஸ் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். இனி அது உனக்கு ஆகாது, மறந்துவிடு.

நைனாவை வைத்துத்தான் பழகுகிறேன். சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்து, தூரத்தில் வைத்து, "இது இன்னா சீட்டுன்னு நீயே சொல்லிடு, எனக்குத் தெரியல" என்கிறார். ஆனால் முதலில் திட்டின மாதிரி இப்போது திட்டுவதில்லை.

வித்தைக்காரி,
வெண்மதி

*

முகாம்
4.12.2024

அக்காவுக்கு,

புயல் நம் பக்கம் கரையேறியதாகச் சொன்னார்கள். வீடு எப்படி இருக்கிறது? எல்லாரும் பத்திரமா? உடனே எழுது.

ஷோ எப்படிப் போச்சு? கைதட்டினார்களா? நான் சுகம்.

பீமாராவ்

*

சிங்கவரம்
20.12.2024

அன்புத் தம்பிக்கு,

பயப்படும்படி ஒன்றும் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. பின்பக்கச் சுவர் ஊறி ஒரு மூலை சரிந்தது, நைனா மண் குழைத்துப் பூசிவிட்டார். ஆடுகளைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தோம், இறங்க மாட்டேன் என்று அவை அடம்பிடிக்கின்றன. கரண்ட் வந்துவிட்டது. இந்தக் களேபரத்தில்தான் எழுத முடியவில்லை.

ஷோ சரியாக வரவில்லை. விடு.

பிரசாந்துக்கு வித்தை எழுதட்டுமா? போன கடிதத்தில் அவன் பேச்சே காணோமே.

வெண்மதி

*

முகாம்
4.1.2025

அக்காவுக்கு,

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. குளிர் எலும்பைக் கடிக்கிறது, வேறு குறையில்லை.

"ஷோ சரியாக வரவில்லை. விடு." இப்படி எழுதுகிற ஆளா நீ? ஆட்டைக் கட்டில்மேல் ஏற்றியதை இவ்வளவு விலாவாரியாக எழுதினாய். ஷோவுக்கு ஒரு வரிதானா? கை நடுங்கிச்சா? சீட்டு விழுந்துச்சா? இன்னா ஆச்சுன்னு எழுது. எழுதாவிட்டால் எனக்கு ஓட்டம் ஓடவில்லை.

பீமாராவ்

*

சிங்கவரம்
17.1.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் முடிந்தது, எல்லாரும் சுகம், கரும்பு உன் பங்கையும் நானே தின்றேன்.

கை நடுங்கவில்லை. சீட்டும் விழவில்லை. கேட்டுவிட்டாய், கேட்டுக்கொள்.

பிள்ளைகளுக்குக் கயிறு, டம்ளர் எல்லாம் காட்டி முடித்தேன். மண்டபமே கூச்சல். சீட்டுக்கு ஒரு பெரியவரைக் கூப்பிட்டால் மரியாதையாக இருக்குமே என்று கவிதாவின் மாமனார் அரிகிருஷ்ணனிடம் போய்க் கட்டை நீட்டினேன். நல்ல சிரிப்போடுதான் இருந்தார். "எந்தூரும்மா நீ?" என்றார். சிங்கவரம் என்றேன். "சிங்கவரத்துல எந்தத் தெரு?" என்றார். "காலனிங்க" என்றேன். எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?

நீட்டின கையைப் பார்த்தார். "அந்த டேபிள் மேல வெச்சிடு. நான் எடுத்துக்கறேன்" என்றார்.

வித்தை என் கையிலிருந்து எடுத்தால்தான் வரும் என்று உனக்குத் தெரியும். அங்கே முந்நூறு பேர் முன்னால் என்ன செய்வது? டேபிள்மேல் பரப்பி வைத்தேன். ஒன்று ஏழு, ஒன்று வேறு. அவர் எடுத்தது வேறு. நான் "ஆர்ட்டின் ஏழு" என்றேன். அவர் இஸ்பேட் ராஜாவைத் தூக்கிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. "சாப்டுட்டுப் போம்மா" என்று யாரோ சொன்னார்கள். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

எனக்கு அழுகை வரவில்லை, பீமா. ஆத்திரம்தான் வந்தது. இதே மனுஷன் ஆகஸ்ட்டில் விவசாயி உதவித்தொகைக்கு ரேகை வைக்க நம் கடைக்கு வந்தார். உழைத்துத் தேய்ந்த விரல், ரேகை மிஷினில் விழவே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, கட்டைவிரலை என் கையில் பிடித்து அழுத்தி வைத்தது நான். "நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவருக்கு என் தெரு தெரியாது. அதே கைதானே? நான் என்ன கையை மாற்றிக்கொண்டா மண்டபத்துக்குப் போனேன்?

போன வாரம் கவிதா கடைக்கு வந்தார். "அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல" என்றார். அவர்தான் அவர்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பிப்ரவரி இருபத்தெட்டு ஆண்டு விழாவுக்கு வித்தை காட்ட வரச் சொல்கிறார். மாமனார்தான் மேடையில் முக்கிய விருந்தாளியாம். "தெரிஞ்சேதான் கூப்புடறேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். கட்டை நேராக அவரிடம்தான் கொண்டு போகப் போகிறேன். டேபிள் கிடையாது. கையில் வாங்கணும்.

வெண்மதி

*

முகாம்
29.1.2025

அக்காவுக்கு,

போகாதே.

வெரிஃபிகேஷன் பேப்பர் இன்னும் வரவில்லை என்று எழுதினேனே, நினைவில்லையா? அவங்க ஆளுங்க ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் போதும், அந்தப் பேப்பர் அங்கேயே தூங்கும். இத்தனை மாதம் முட்டி தேய்ந்தது வீணாகப் போகும். ஒரு சீட்டு. அவர் டேபிளிலிருந்து எடுத்தால் உனக்கு என்ன குறைந்துபோகும்? கண்டுகொள்ளாமல் இரு. நம் வேலையைப் பார்ப்போம். அம்மா, நைனாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

பீமாராவ்

*

சிங்கவரம்
7.2.2025

பீமாராவுக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்கிற மனநிலையில் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

என்ன குறைந்துபோகும் என்று கேட்கிறாய். இதை எழுதினது என் தம்பிதானா? டீக்கடையில் தனி டம்ளர் வைத்தார்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பில் அதை ரோட்டில் போட்டு உடைத்தவன் நீ. அம்மா உன்னைத் துடைப்பத்தால் அடித்தாள், நீ சிரித்தாய். அந்தப் பயல் எங்கே போனான்?

நான் இரண்டு ராத்திரி யோசித்தேன். உன் வேலை போனால் நான் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன்? அது எனக்கும் பயம்தான். நீ உறுதியாக வேண்டாம் என்றால் போகமாட்டேன். எனக்குப் பிடிக்காது, ஆனால் போகமாட்டேன். அதற்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். பிரசாந்த் என்ன ஆனான்? அக்டோபரில் அவனைப் பற்றி ஆசையாக எழுதினாய். அப்புறம் அவன் பெயரையே காணோம். நான் கேட்டும் நீ சொல்லவில்லை. என்னை விடாமல் கேட்டு வாங்கினாயே, இப்போது நீ சொல்.

வெண்மதி

*

முகாம்
18.2.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம், இன்றைக்கு.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசாந்த் துணி துவைத்துக்கொண்டே கேட்டான். "சிங்கவரத்துல நீங்க எந்தத் தெரு?" உன்னிடம் கேட்ட அதே கேள்வி. நானும் மறைக்கவில்லை. "ஓ" என்றான். அவ்வளவுதான். மறுநாள் அவனுக்குத் தனிப் பாட்டில். கேட்டதற்கு ஜலதோஷம் என்றான். மூன்று மாதமாக ஜலதோஷம்.

பயிற்சி முடியட்டும், பேப்பர் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். உன்னிடமும் சொல்லவில்லை. அதனால்தான் உன் கடிதத்தைப் படித்ததும் பயந்துபோய் அப்படி எழுதிவிட்டேன். எழுதிப் போட்ட பிறகு சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை ஓட்டம் முடிந்ததும், எல்லாரும் பார்க்க, என் பாட்டிலை அவனுக்கு நீட்டினேன். அவன் கீழே பார்த்தான். நான் கையை இறக்கவில்லை. கடைசியில் பஞ்சாப் பையன் ஒருத்தன் நடுவில் புகுந்து பிடுங்கி முக்கால் பாட்டிலைக் குடித்துவிட்டான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிரசாந்த் குடிக்கவில்லை. ஆனால் தலை குனிந்தது நான் இல்லை.

பேப்பர் வந்தால் வரட்டும். போ அக்கா. நீட்டு.

பீமாராவ்

*

சிங்கவரம்
5.3.2025

என் தங்கத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நைனா இரண்டு நாளாகத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார், முதுகு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. உன் கடிதம் விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தது. படித்துவிட்டு ஜீன்ஸ் கோட்டை இஸ்திரி போட்டேன்.

பள்ளி மைதானத்தில் பந்தல், ஊரே வந்திருந்தது. பிள்ளைகள் முன்வரிசையில், மண்ணில். மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு அரிகிருஷ்ணன். டம்ளர் வித்தை முடிந்ததும் மைக்கை ஒரு கையிலும் கட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. மெல்லமாக, "அந்த ஸ்டூல் மேல வை" என்றார்.

"ஸ்டூல்ல வெச்சா வித்தை வராதுங்க ஐயா. கையில வாங்கணும்" என்றேன். அது மைக்கில் போய்விட்டது. போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து ஏந்தினார், அதில் போடச் சொல்லி! பீமா, ஒரு நொடி போட்டுவிடலாமா என்று தோன்றியது. பிரச்சினை இல்லாமல் முடியும். போடவில்லை.

"துண்டுக்கு இல்லீங்க ஐயா. கைக்குத்தான்" என்றேன்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? தாத்தா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து அன்புக்கரசி "எடு தாத்தா, எடு!" என்று கத்தினாள். உடனே மைதானம் முழுக்க "எடு! எடு!" அவர் எழுந்தார். சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். தலைமையாசிரியை பேயறைந்த மாதிரி என்னைப் பார்க்கிறார். தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

கவிதா எழுந்து வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் நின்றார். மைக்கை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கட்டைச் சரசரவென்று விட்டேன். "ம்... நிறுத்து" என்றார். என் கையிலிருந்து சீட்டை எடுத்தார். எடுத்த கையை உடனே எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. "ஆர்ட்டின் ஏழு" என்றேன். தூக்கிக் காட்டினார். அப்போது கிளம்பிய சத்தம் உன் முகாம் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் மேடையில் ஏறி "எனக்கு, எனக்கு" என்று கை நீட்டின. கட்டில் இருந்த ஏழு அத்தனையையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன். ரகசியம் போச்சு. போகட்டும், அமாவாசை மாசாமாசம் வருகிறது.

இப்போது நீ பயந்த விஷயத்துக்கு வருகிறேன். திங்கள்கிழமை பத்து மணிக்கு கவிதாவின் புருஷன் பார்த்திபன் இரண்டு ஆளோடு கடைக்கு வந்தான். சர்வர் படுத்திருந்தது, கடை நிறையக் கூட்டம். செஞ்சியில் மனு அடிக்க எத்தனையோ கடை இருக்கிறது. வேண்டுமென்றேதான் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஸ்டேஷன்ல குடுக்கறதுக்கு மனு. உம் மேலதான். நீயே அடி" என்றான். சுமலதா அக்கா டேபிளுக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"சொல்லுங்க" என்றேன். அடிக்க ஆரம்பித்தேன். வெண்மதி, தகப்பன் பெயர் பெரியதம்பி, காலனித் தெரு. 'பொதுமக்கள் முன்னிலையில் என் தகப்பனாரை அவமானப்படுத்தினார்' என்று அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"பட்டாளத்துல இருக்கற உன் தம்பி பேரையும் சேத்துக்கோ" என்றான்.

"அவன் சீட்டே எடுக்கலியே" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் விரல் நிற்கவில்லை.

"எப்படி அவமானப்படுத்துனேன்னு எழுதணும். சொல்லுங்க."

"சீட்ட நீட்டுன."

'சீட்டை நீட்டினார்' என்று அடித்தேன். "அப்புறம்?"

"அவரு வாங்கல."

'என் தகப்பனார் அதைக் கையில் வாங்கவில்லை' என்று அடித்தேன். கையைக் கீபோர்டிலேயே வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். "ஏன் வாங்கலன்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. காரணம் இன்னான்னு போடட்டும்?"

பார்த்திபன் கூட வந்த ஆட்களைப் பார்த்தான். அவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள். வரிசையில் ஜாதிச் சான்றிதழுக்கு நின்ற கிழவர் ஒருவர், "சொல்லுப்பா, அந்தப் பொண்ணு அடிக்கணுமில்ல" என்றார். நான் 'காரணம்' என்று அடித்து நிறுத்தினேன். சர்வர் வந்துவிட்டது என்று சுமலதா அக்கா சொன்னாள், ஒருத்தரும் நகரவில்லை.

அவன் எழுந்தான். வெளியே போய் வண்டியை எடுத்தான்.

ஸ்டேஷனுக்கு இதுவரை யாரும் போகவில்லை. கவிதாவிடம் வீட்டில் யாரும் பேசுவதில்லையாம். "சமையல் நிம்மதியா நடக்குது" என்று போனில் சொல்லிச் சிரித்தார். நாளைக்கே வேறு கடையில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். நான் அடித்த மனுவை அழிக்கவில்லை, அப்படியே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். அவன் என்றைக்கு வந்து அந்தக் காரணத்தை வாயால் சொல்கிறானோ, அன்றைக்கே அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்து, அவன் கையில் கொடுப்பேன்.

நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா,
வெண்மதி